விசா வேண்டாத தீவு

என் தங்கை இருந்த தீவுக்குப் போக இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். காலாவதி ஆகாத பாஸ்போர்ட், திரும்பி வருவதற்கு டிக்கெட், தங்கும் இடத்துக்கு ஒரு அத்தாட்சி, செலவுக்குக் காசு. இவ்வளவுதான் கேட்பார்கள். போய் இறங்கினால் முத்திரை குத்தி உள்ளே விட்டுவிடுவார்கள். இதை முதன்முதலில் கேள்விப்பட்ட அன்று, அழுதுகொண்டிருந்த வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. "பெங்களூருக்கு ரயில் ஏறுற மாதிரிதான், நான் போய்ப் பாத்துட்டு வந்துருவேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாகச் சொட்டுநீர்க் குழாயும் மோட்டார் சாமான்களும் விற்கிற கடை எனக்கு. அப்பா இண்டூரில் காடு கழனியோடு இருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. தங்கை எனக்கு ரொம்ப இளையவள். கல்யாணமாகிப் போன பிறகும் அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். சேலத்தில் நர்சிங் படித்தாள், வளைகுடாவில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள், பிறகு புருசனும் பெண்டாட்டியுமாகக் கரீபியன் கடலில் இருக்கிற அந்தத் தீவுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் இவள் நர்ஸ், மாப்பிள்ளை லேபில். "வெஸ்ட் இண்டீசா? கிரிக்கெட் ஆடறவங்க ஊராச்சே!" என்று ஊரில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அங்க மழ பேயுமா கண்ணு?" "பேயுதுப்பா, ஒங்களுக்குக் கொஞ்சம் பார்சல் அனுப்பறேன்" என்றாள் அவள். வாய் ஜாஸ்தி அவளுக்கு. அதில் மட்டும் என்னைக் கொண்டிருந்தாள்.

கணையத்தில் கட்டி என்று மாப்பிள்ளை போனில் சொன்னபோது கணையம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சில மாதம் மருந்து ஏற்றினார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம், அவர்களுக்கு அது காலை நேரம், மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து நின்று பேசினார். "மச்சான், டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. பாப்பாவுக்குத் தெரியாது. நீங்க ஒரு தடவ வந்து அவ மொகத்தப் பாத்துருங்க." அவளை இங்கே கூட்டி வந்துவிடுங்கள் என்று கத்தினேன். இந்த உடம்போடு எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள் என்றார். அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டுப் பிளேட் வைத்திருக்கிறது, அவ்வளவு தூரம் உட்கார முடியாது. பிறந்த வீட்டிலிருந்து போய் நிற்க என்னை விட்டால் ஆள் இல்லை. அவளும் தினம் அதையேதான் கேட்டாள். "எப்பண்ணா வர்றீங்க?"

தர்மபுரி பேருந்து நிலையத்துப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் இருக்கிறது. அதை நடத்துகிறவர் என் வயதுக்காரர், நிதானமான மனுசன். எதிரில் இருப்பவன் எவ்வளவு கத்தினாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பதில் சொல்வார். நான் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து, தீவின் பெயரைச் சொல்லி, "விசா வேண்டாமாமே" என்றேன்.

"தீவுக்கு வேண்டாங்க. ஆனா நேரா போற பிளைட்டு கெடையாது. நடுவுல ஒரு நாட்டுல எறங்கி வேற பிளைட் ஏறணும். அந்த நாட்டுக்கு வேணும்."

"அந்த நாட்டுக்கு நான் போகல சார். ஏர்போர்ட்ட தாண்டி ஒரு அடி வெளிய வைக்க மாட்டேன். சும்மா உக்காந்திருந்து அடுத்த பிளைட்ட புடிக்கப்போறேன்."

"உக்கார்றதுக்குத்தாங்க விசா" என்றார்.

அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு இப்போதும் மனசில்லை. எழுதினால் கூடவே ஏதாவது திட்டும் எழுதிவிடுவேன். வேறு வழியே இல்லையா என்று அவரைக் குடைந்தேன். அவரும் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தார். நமக்குக் கிடைக்கிற டிக்கெட் எல்லாம் இப்படி ஏதாவது ஒரு பெரிய நாட்டைத் தொட்டுத்தான் போகிறது என்றார். விசா வேண்டாத தீவு கடலுக்கு நடுவே இருக்கிறது. அதற்குப் போகிற வாசல் எல்லாம் விசா கேட்கிறவர்கள் கையில் இருக்கிறது. இது எந்த ஊர் நியாயம் என்று அவரிடம் சண்டை போட்டேன், அந்தச் சட்டத்தை அவரே எழுதியது போல.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: தீவுக்கு எதற்காகப் போகிறீர்கள்? அதற்கு ஆதாரம் வைக்க வேண்டும். "டாக்டர் லெட்டர் வாங்கி வைங்க. இந்த மாதிரி கேசுன்னா சீக்கிரம் பாக்கறதுக்கு வாய்ப்பு இருக்கு" என்றார் டிராவல்ஸ்காரர். மாப்பிள்ளை அன்றைக்கே அனுப்பிவிட்டார். பிழைக்க வாய்ப்பில்லை, குடும்பத்தார் வந்து பார்த்துக்கொள்வது நல்லது என்று ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு பக்கம். கூடவே நான் அவர்கள் வீட்டில் தங்கலாம் என்று குவார்ட்டர்ஸ் விலாசம் போட்ட இன்னொரு கடிதம். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று இண்டூருக்குப் போனேன்.

"என்னா எழுதியிருக்குது? தமிழ்ல சொல்லு" என்றார் அப்பா. சொன்னேன். அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தார்.

"இத யாருகிட்ட குடுக்கப்போற?"

"விசா ஆபீசுலப்பா."

"உசுரோட இருக்கற புள்ளைக்கு நாமளே சாவுச் சேதி எழுதிக் குடுக்கறதா? தொலச்சிருவேன் உன்ன."

இது வெறும் பிடிவாதம் இல்லை. எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். கோடி என்போம். அதை மேலே போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் நம்பிக்கை இல்லை என்று சொன்னதும் அவளுடைய அண்ணன், என் தாய்மாமன், ஊரிலிருந்து புறப்பட்டு வந்தார். வழியில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் அரை நாள் வண்டி நகராது. சமயத்துக்குக் கோடி வந்து சேராமல் போய்விடுமோ என்று பயந்து, வரும்போதே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பையைக் கட்டிலோரமாக வைத்தார். வாய் சரியாக மூடாத பை. அம்மா பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கஞ்சி குடிக்கவில்லை, யாரோடும் பேசவுமில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே போய்விட்டாள். மாமனோடு அப்பா இன்றுவரை பேசுவதில்லை. வியாதி கொன்றதா பை கொன்றதா என்று கேட்டால், அப்பா பை என்றுதான் சொல்வார்.

"பின்ன என்னன்னு எழுதறது?" என்று எகிறினேன்.

"நல்ல காரியத்துக்குப் போறேன்னு எழுது. வூடு குடி போறாங்கன்னு எழுது. நல்ல காரியத்துக்குப் பொறப்பட்டவன எவன்டா மறிப்பான்?"

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில், அந்த மனுசனின் முகத்தைப் பார்த்தபோது, எனக்கும் அது சரி என்று பட்டது. எங்கள் ஊரில் விசேஷத்துக்குப் போகிறவனை யாரும் வழிமறிப்பதில்லை, எங்கே என்று கேட்டுத் தடுப்பதுகூட இல்லை. உலகம் பூராவும் இண்டூர் மாதிரியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். தர்மபுரியில் ஒரு அச்சகத்தில் புதுமனை புகுவிழாப் பத்திரிகை அடித்தேன். மேலே பிள்ளையார் சுழி, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பத்திரிகை என்றால் வெறுமையாகவா கொடுப்பது என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தாள்.

டிராவல்ஸ்காரர் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "மஞ்ச ஸ்கேன்ல கறையா விழுங்க" என்றார். பிறகு, "ஒரு தடவ யோசிச்சுக்கங்க. நெஜத்தயே சொல்லிருவோம்" என்றார்.

"எங்கப்பாகிட்ட நீங்க வந்து சொல்லுங்க சார். தைரியம் இருந்தா வாங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பெங்களூருக்குப் போய், பத்திரிகையையும் மாப்பிள்ளையின் கடிதத்தையும் விசா ஆபீசில் கொடுத்து, கைரேகை வைத்துவிட்டு வந்தேன். எனக்கு முன்னால் நின்ற பையன்கள் எல்லாம் படிக்கப் போகிறவர்கள், ஒரே சிரிப்பும் கூத்துமாக இருந்தார்கள். அவர்களோடு நானும் வீடு குடிபோகிறவன் மாதிரி சிரித்து வைத்தேன். சில நாளில் பதில் வந்தது. மரியாதையான இங்கிலீஷில், தர முடியாது என்று. காரணமும் எழுதியிருந்தார்கள். உங்கள் தங்கையின் கணவர் கொடுத்த கடிதத்தில் அவர்கள் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், சொந்த வீடு வாங்கியதற்கோ கட்டியதற்கோ எந்த ஆதாரமும் இல்லை, ஆகவே பயணத்தின் நோக்கம் நம்பும்படியாக இல்லை. படித்ததும் எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அவர்கள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பு இல்லை.

நேராக இண்டூர் போனேன். அப்பா தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பிலேயே நின்று கத்தினேன். "வந்துச்சா உங்க நல்ல காரியம்? அவ அங்க கெடந்து தவிக்கறா, நீங்க இங்க சகுனம் பாத்துக்கிட்டு இருங்க!" அவர் நிமிரவில்லை. மடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பாப்பாதான், வீடியோவில்.

மூக்கில் குழாய். கன்னம் ஒட்டிப்போய் அம்மாவின் கடைசி முகம் வந்திருந்தது. ஆனால் கண்ணில் மட்டும் அவள் இருந்தாள்.

"என்னாண்ணா மூஞ்சி அப்படி இருக்குது?"

"விசா தரல பாப்பா."

"ஏனாம்?"

அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை சொல்லாதீர்கள் என்று கையை ஆட்டினார். கோபத்தில் இருந்த நான் எதைப் பார்த்தேன்? "ஒன் வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு வர்றோம்னு எழுதினோம். ஒத்துக்கல" என்று கொட்டிவிட்டேன்.

அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் போலிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "குவார்ட்டர்ஸ்ல இருக்கறவளுக்கு என்னாண்ணா கிரகப்பிரவேசம்? பத்திரிக வேற அடிச்சீங்களா? அட ஆண்டவா! நான் சாகப்போறேன்னு எழுதியிருக்கலாமில்ல?"

"பாப்பா!" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா இருங்க. நான் நர்சு. என் ரிப்போர்ட்ட நான் படிக்க மாட்டனா? எனக்குத் தெரியாதுன்னு நீங்கெல்லாம் நடிக்கறீங்க, ஒங்களுக்காக நானும் நடிச்சிட்டிருந்தேன். போதும்ணா. அப்பாகிட்ட போனக் குடுங்க."

கொடுத்தேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அப்பா வாங்கிக்கொண்டார்.

"அப்பா, நான் பொழைக்க மாட்டேன். அத அப்படியே எழுதிக் குடுங்க. எழுதினாத்தான் அண்ணன வுடுவாங்க."

"அப்படிச் சொல்லாத கண்ணு. வாய்ல அந்த வார்த்த வரக் கூடாது."

"நீங்க எழுதலன்னாலும் நான் போயிருவேம்ப்பா. நம்மூட்டு ஆளு யாரையும் பாக்காம போயிருவேன். எனக்கு அண்ணன பாக்கணும்."

அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் பாத்தி நிரம்பி மேலே வழிந்து ஓடியது, அவர் மடையை மாற்றவே இல்லை. நான்தான் மண்வெட்டியை எடுத்து மாற்றிவிட்டேன். நெடுநேரம் கழித்து, "எழுதிக் குடு" என்றார்.

டிராவல்ஸ்காரர் நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. இந்த முறை டாக்டர் கடிதம் வைத்தோம். ஆனால் முன்பு ஒருமுறை மறுக்கப்பட்டதுண்டா, ஏன் என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. வீடும் இல்லை, விழாவும் இல்லை, சாவு என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை என்று அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. இதை எந்த இங்கிலீஷில் எழுதினாலும் கிறுக்கன் எழுதியது போலத்தான் இருந்தது. முதலில் பொய் சொன்னவன் இரண்டாவது சொல்வதை உடனே நம்ப வேண்டும் என்று அவர்களுக்கு என்ன தலையெழுத்து? காத்திருங்கள் என்றார்கள்.

அதற்குப் பிறகு எப்போது வருகிறீர்கள் என்று பாப்பா கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தினம் சாயங்காலம் கடையிலிருந்து கூப்பிடுவேன். பேசத் தெம்பு இருக்காது. "கேமராவ ரோட்டுப் பக்கம் திருப்புங்கண்ணா" என்பாள். திருப்பிப் பிடிப்பேன். சேலம் போகிற லாரிகளை அங்கே படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதாவது லாரிக்காரன் நீளமாக ஹாரன் அடித்தால் உதடு லேசாக விரியும். கடைசி ஒன்றிரண்டு நாள் மாப்பிள்ளைதான் போனைப் பிடித்திருந்தார், அவள் பார்த்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குக் கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். "போயிட்டா மச்சான்" என்றார் மாப்பிள்ளை. பாதி இறங்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிக்காரன் எல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் போனில் செய்தி வந்திருந்தது. உங்கள் விண்ணப்பத்தின் மீது முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, பாஸ்போர்ட்டைப் பெற்றுக்கொள்ளலாம். போய் வாங்கி உறையைப் பிரித்துப் பார்த்தால், விசா கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

இனி போய் என்ன செய்ய என்று நான் சோர்ந்து கிடந்தேன். அப்பாதான் எழுப்பினார். "போ. கோடி போடாம எம் புள்ளைய எடுக்கக் கூடாது." மாப்பிள்ளையிடம் கேட்டேன். அங்கே ஐஸ் அறையில் வைத்திருப்பார்கள், நீங்கள் வருகிறவரை எடுக்க மாட்டேன் மச்சான் என்றார்.

தர்மபுரியில் ஜவுளிக்கடைக்கு அப்பாவும் வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினார். கல்யாண சீசன், கடையில் ஒரே கூட்டம். "வாங்க பெரியவரே, என்னாங்க விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரப் பெண் நாலு சேலையை எடுத்து உதறினாள்.

"கோடிங்க" என்றார் அப்பா. "எம் பொண்ணுக்கு."

அந்தப் பெண் உதறிய சேலைகளைச் சத்தமில்லாமல் மடித்து வைத்தாள். அப்பா ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "கனமில்லாததா குடும்மா. கனமாக் கட்டினா அவளுக்குப் புடிக்காது" என்றார். அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்டது ஒன்றை எடுத்தோம்.

பெங்களூரிலிருந்து போய் அந்தப் பெரிய நாட்டில் இறங்கினேன். அடுத்த விமானத்துக்கு நேரம் இருந்தது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். இதில் உட்காரத்தான் இவ்வளவும். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். விமானத்தில் ஏறிய பிறகு, தீவில் கேட்டால் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் இங்கிலீஷ் கடை இங்கிலீஷ். தங்கை, செத்துவிட்டாள், சாவுக்கு வந்திருக்கிறேன். மொத்தமே நாலைந்து வார்த்தைதான்.

தீவில் இறங்கியதும் நம்மூர் வெயில் மாதிரியே முகத்தில் அடித்தது. வரிசை சின்னது. பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார்கள், எங்கே தங்குகிறாய் என்றார்கள், முத்திரை குத்தினார்கள். விசா பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அடுத்து ஒரு மேசையில் பைகளைத் திறந்து சோதித்தார்கள். அங்கே இருந்தது பருமனான ஒரு கறுப்பினப் பெண், காதில் பெரிய வளையம், வாய் நிறையச் சிரிப்பு. என் பையைத் திறந்து மேலாக இருந்த சேலையை வெளியே எடுத்தாள். மடிப்புக் கலையாமல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

"அடடா, எவ்வளவு அழகு! இது யாருக்கு?"

"தங்கைக்கு" என்றேன்.

"இங்கேதான் இருக்கிறாளா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ரொம்ப சந்தோஷப்படுவாள் பாருங்கள்" என்று அவள் சேலையைத் தடவி, இருந்தபடியே பையில் வைத்து மூடினாள்.

"ஆமாம்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாப்பிள்ளை தனியாக நின்றுகொண்டிருந்தார்.